பச்சையைப் படித்துத் தீர்ப்பெழுதலாமா?

2023 பிப்ரவரியில் எல் சால்வடோர் அரசு உலகுக்கு வெளியிட்ட நிழற்படங்கள் நம்மில் பலரின் கண்ணுக்கு எட்டியிருக்கும். மொட்டையடிக்கப்பட்ட தலைகள், வெள்ளை அரைக்கால் சட்டைகள், விலங்கிட்ட கைகள். ஒருவர் முதுகில் மற்றவர் மார்பு ஒட்டும்படி குனிந்து அமர்த்தப்பட்ட ஏறக்குறைய 2,000 மனிதர்கள். 40,000 பேரை அடைத்து வைப்பதற்கென்றே புதிதாகக் கட்டிய சிறைக்கு வந்த முதல் கூட்டம் அது. அவர்களின் முதுகிலும் மார்பிலும் சிலர் முகத்திலுங்கூடப் பச்சை குத்தப்பட்டிருந்தது.

அந்தப் படத்தைக் காட்டிப் பங்கு மக்களில் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "இவர்களுக்கு விசாரணை வேறு வேண்டுமா, சாமி? குற்றம்தான் உடம்பிலேயே எழுதியிருக்கிறதே!" கேட்டவர் கொடியவர் அல்லர், நாள் தவறாது திருப்பலிக்கு வருபவர். அதனாலேயே அக்கேள்வி நம்மை உறுத்துகிறது. அதற்கு மறுமொழி கூறுவது நம் கடமை.

முதலில் அந்த எழுத்தின் பொருளை அறிவோம். 1980 முதல் 1992 வரை எல் சால்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்தது. 1980 மார்ச் 24 அன்று, திருப்பலிப் பீடத்திலேயே பேராயர் ஆஸ்கர் ரொமேரோ சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் அறிவோம். அந்நாட்டிலிருந்து உயிர் தப்பி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் ஒதுங்கிய குடும்பங்களின் பிள்ளைகள், அங்கு முன்னரே இருந்த தெருக் கும்பல்களுக்கு நடுவில் தாமும் ஒரு கும்பலாயினர். அதுவே மாரா சால்வாத்ருச்சா. அதன் தீராப் பகைவர் 'பதினெட்டாம் தெரு' கும்பலினர். போர் முடிந்த பின்னர் அமெரிக்க அரசு இவர்களை ஆயிரக்கணக்கில் நாடு கடத்தியது. தெருவின் பகையும் தோலின் எழுத்தும் அவர்களோடு சேர்ந்தே கப்பலேறின.

அந்த எழுத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. முன்னவர்கள் 'எம்', 'எஸ்' என்னும் எழுத்துகளையும் 13 என்னும் எண்ணையும் பொறித்துக்கொண்டனர். ஆங்கில நெடுங்கணக்கில் 'எம்' 13ஆம் எழுத்து. மெக்சிகோ வழிச் சிறைக் கும்பல் ஒன்றுக்குப் பணிந்தோம் என்பதன் அடையாளம் அது. பின்னவர்கள் 18 என்று குத்திக்கொண்டனர். சிலர் ரோம எண்ணில், சிலர் கூட்டினால் பதினெட்டு வரும் மூன்று ஆறுகளாக. கையில் மூன்று புள்ளிகள் இருந்தால், 'இது என் கிறுக்கு வாழ்வு' என்று பொருள். இவற்றுக்கு அருகிலேயே குவாதலூப்பே அன்னையின் உருவமும், குவித்த கரங்களும், பெற்ற தாயின் பெயரும் காணப்படும்.

நெற்றியில் கும்பலின் பெயரைக் குத்திக்கொண்டவனுக்கு வேலை கொடுப்பார் இல்லை. பகைவனின் தெருவில் அவன் நடக்கவும் முடியாது. கும்பல் விரும்பியதும் அதுவே. மாட்டுக்குச் சூடு போட்டு உடைமையாக்குவது போல, இளைஞனின் தோலில் தன் பெயரை எழுதி, அவன் திரும்பிச் செல்லும் வழியை அது அடைத்தது.

இக்கும்பல்கள் செய்த கொடுமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2015இல் அந்நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு நூறு பேருக்கு மேல் கொலையுண்டனர். 2022 மார்ச் இறுதியில் மூன்றே நாள்களில் 87 உயிர்கள் பறிபோயின. சிறு கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் கும்பலுக்குக் கப்பம் கட்டியே பிழைத்தனர். 2022 மார்ச் 27 அன்று அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. அதன் பின்னர் கொலைகள் பெரிதும் குறைந்தன. பிள்ளைகள் தெருவில் விளையாடத் தொடங்கினர். இதை மறுப்பது நேர்மையாகாது. மகனைப் பறிகொடுத்த தாய் அரசைப் புகழ்ந்தால், அவரைக் கடிந்துகொள்ள நமக்கு என்ன தகுதி?

ஆயினும் கேட்கிறோம்: 80,000க்கும் மேற்பட்டோரைச் சிறைப்பிடித்தபோது, யார் குற்றவாளி, யார் அல்லர் என்பதை எவ்வாறு அறிந்தார்கள்? பிடியாணை தேவையில்லை என்றாயிற்று. ஒரே வழக்கில் நூற்றுக்கணக்கானோரைச் சேர்த்து விசாரிக்கவும் சட்டம் இயற்றப்பட்டது. பலருக்கு எதிராகத் தோலே சாட்சி, தோலே தீர்ப்பு. பின்னர் ஏறத்தாழ 8,000 பேரைக் குற்றமற்றவர்கள் என்று அரசே விடுவித்தது. அவர்கள் சிறையில் கழித்த நாள்களை யார் திருப்பிக் கொடுப்பது?

தோலை நம்பித் தீர்ப்பெழுதுவது அறமன்று என்பதோடு, அறிவுமன்று. 2003இலேயே அந்நாடு கும்பல் எதிர்ப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பச்சையைச் சான்றாகக் கொண்ட அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என மறு ஆண்டே நீதிமன்றம் தள்ளியது. ஆனால் கும்பல்கள் பாடம் கற்றுக்கொண்டன. புதிதாகச் சேருவோர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பச்சை குத்தக் கூடாது என்று கட்டளையிட்டன. விளைந்தது என்ன? இன்று துப்பாக்கி ஏந்துபவனின் தோல் வெறுமையாக இருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் கும்பலில் சேர்ந்து, பின்பு மனந்திரும்பி, தச்சு வேலை செய்து பிள்ளைகளை வளர்ப்பவனின் தோலில் அந்த எழுத்து அழியாமல் நிற்கலாம். பச்சையை மட்டும் படிப்பவன், திருந்தியவனைப் பிடித்துத் திருந்தாதவனை விட்டுவிடுகிறான்.

எழுத்தைத் தவறாகப் படித்தால் நேரும் கேட்டையும் கண்டோம். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு 200க்கும் மேற்பட்ட வெனிசுவேலா நாட்டவரை 'திரேன் தெ அராகுவா' என்னும் கும்பலினர் என்று கூறி, இதே எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பியது. இவர்களுள் பலரை இனங்காண அலுவலர்கள் ஒரு மதிப்பெண் பட்டியலைப் பயன்படுத்தினர். எட்டு மதிப்பெண் பெற்றவன் கும்பலைச் சேர்ந்தவன். கும்பலுக்குரிய பச்சை என்று கருதினால் அதற்கு மட்டுமே நான்கு மதிப்பெண். மன்னர் முடி, நட்சத்திரம், கடிகாரம் போன்றவை ஐயத்துக்குரிய அடையாளங்களாகக் காவல் துறையினரிடையே உலவின. அக்கும்பலுக்கு உறுப்பினர் பச்சை என்று ஒன்று கிடையாது என்று அதை ஆராய்ந்தவர்கள் எடுத்துரைத்தனர். தாய்மீது கொண்ட அன்பால் முடி வரைந்தவனும், கால்பந்து அணிமீது கொண்ட ஆசையால் முடி வரைந்தவனும் உண்டு. அனுப்பப்பட்டவர்களில் பலர்மீது குற்றத் தீர்ப்பு எதுவும் இல்லையென இதழாளர்கள் ஆய்ந்து எழுதினர். 2025 ஜூலை 18 அன்று 252 பேர் கைதிப் பரிமாற்றத்தில் தம் நாடு திரும்பினர். நான்கு மாதம் அவர்கள் பட்ட துன்பத்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவது?

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிடலாமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்தம் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. 1849இல் அது ஒழிந்தது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ஊசியும் மையும்கூடத் தேவைப்படவில்லை. பிறப்பையே குற்றத்தின் அடையாளமாக அது ஆக்கிற்று. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று அன்பாகச் சொன்ன முதுமொழியை, முகத்தைப் பார்த்தே அகத்தைத் தண்டிக்கலாம் என்று திரித்துக்கொள்ளும் மனம் நம்மிடமும் உண்டு.

விவிலியத்தில் முதல் கொலைகாரனும் ஓர் அடையாளம் பெறுகிறான். 'காயினின் அடையாளம்' என்றால் இழிவுக் குறி என்றே நம்மவர் பலரும் எண்ணுகின்றனர். தொடக்க நூலின் நான்காம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். காயினைக் காண்பவன் எவனும் அவனைக் கொன்றுவிடக் கூடாது என்பதற்காகவே ஆண்டவர் அவன்மீது அடையாளமிட்டார். தண்டனை இல்லையென்று அவர் சொல்லவில்லை. காயின் நிலையற்று அலைந்தான். ஆயினும் கடவுள் இட்ட அடையாளம் காக்கும் அடையாளம். கும்பல் இடுவதோ உடைமைக் குறி. அரசோ அந்த உடைமைக் குறியையே உண்மையென ஏற்று, "ஆம், நீ என்றைக்கும் அவர்களுடையவன்தான்" என்று முத்திரையிடுகிறது. கும்பலும் அரசும் பகைவர்களே. மனிதன் மாற மாட்டான் என்னும் ஒரு கோட்பாட்டில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகின்றனர். அக்கோட்பாட்டை ஏற்கும் நாளில் நாம் பாவசங்கீர்த்தனத் தொட்டியைப் பூட்டிவிடலாம்.

மாறாகச் செயல்பட்டவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கும்பல்கள் மலிந்த பங்கு ஒன்றில் பணியாற்றிய இயேசு சபைத் தந்தை கிரெகரி பாயில் 1988இல் தொடங்கிய முயற்சி, பின்னர் 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 1992இல் அவர் ஒரு ரொட்டிக் கூடம் திறந்தார். ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட கும்பல்களைச் சேர்ந்தோர் ஒரே மேசையில் மாவு பிசைந்தனர். முகத்திலும் கழுத்திலும் உள்ள பச்சையை ஒளிக்கதிரால் இலவசமாக அகற்றும் மருத்துவ உதவியும் அங்கு உண்டு. அது ஒரு நாளில் முடிவதன்று. பல முறை சென்று, சுடும் வலியைப் பொறுத்தாக வேண்டும். அந்த வலியைத் தானே விரும்பி ஏற்பவனைப் பார்த்து, "உன் குற்றம் உடம்பிலேயே எழுதியிருக்கிறது" என்று சொல்ல நமக்கு நா எழுமா?

குற்றம் செய்தவன் தண்டனை பெறட்டும். அவன் செய்தது என்ன என்று கேட்டு, சான்று கண்டு, அவனையும் பேசவிட்டு, அதன் பின்னர் தீர்ப்பு வரட்டும். தோல் சாட்சிக் கூண்டில் ஏறட்டும். நடுவரின் இருக்கையில் அதை அமர்த்த வேண்டாம்.

நம்மிடம் கேட்ட அந்த அன்பருக்கு இறுதியாக ஒன்று. குற்றமற்றவர் ஒருவரின் தலைக்கு மேலே குற்றத்தை எழுதி மாட்டினான் பிலாத்து. எழுதியதை மாற்றவும் மறுத்தான். தெருவில் நின்று அதைப் படித்த பலர், எழுதியிருப்பதே தீர்ப்பு என்று நம்பி வீடு திரும்பினர். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அந்தச் சிலுவையை முத்தமிடும் நாம், அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம். இம்முறை எழுத்தை விட்டுவிட்டு முகங்களைப் பார்ப்போம்.