அழைப்பு இல்லாதவர்களின் மேடை

சிறுபான்மையினர் தங்கள் கலைக்கு மேடை கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "தேர்வுக் குழு முடிவு செய்யும்." அந்தக் குழுவை நியமித்தது யார்? அதன் அளவுகோல் என்ன? இதைக் கேட்டால் பதில் வராது. தேர்வுக் குழுவே இல்லாமல் ஒரு கலை விழாவை நடத்த முடியாதா? முடியும் என்று ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரம் காட்டியிருக்கிறது.

உலகப் போர் முடிந்த சூட்டோடு, 1947இல் எடின்பர்க் அனைத்துலகக் கலை விழா தொடங்கியது. எட்டு நாடகக் குழுக்களுக்கு அதில் அழைப்பு இல்லை. அவர்கள் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. இடத்தைத் தாங்களே தேடிக்கொண்டு நாடகம் போட்டார்கள். மறு ஆண்டு நாடகாசிரியர் ராபர்ட் கெம்ப், அதிகாரப்பூர்வ விழாவின் 'ஓரத்தில்' நடப்பவை என்று இத்தகைய நாடகங்களைப் பற்றி எழுதினார். ஓரம் எனப் பொருள்படும் 'ஃபிரிஞ்ச்' என்ற சொல்லே பின்னர் விழாவின் பெயராக நிலைத்தது. ஒதுக்கப்பட்ட இடத்தையே அடையாளமாக்கிக் கொண்டார்கள்!

1958இல் ஃபிரிஞ்ச் சங்கம் உருவானது. வழக்கறிஞர் என்ற முறையில் என்னைக் கவர்வது அதன் அமைப்பு விதிதான். எந்த நிகழ்ச்சி நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்று சங்கம் தேர்வு செய்யாது. அமைப்பாளர்களின் பெருந்தன்மையை நம்பாமல், கொள்கையை விதியாகவே எழுதி வைத்தார்கள். எட்டுக் குழுக்களுடன் தொடங்கிய விழாவில் 2019இல் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. 30 லட்சத்துக்கும் அதிகமான நுழைவுச்சீட்டுகள் விற்பனையாகின.

தேர்வு இல்லாவிட்டால் தரம் கெடும் என்பார்கள். 1966இல் அங்கே ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு ஒன்று, அதிகம் அறியப்படாத டாம் ஸ்டாப்பர்டின் நாடகத்தை அரங்கேற்றியது. அடுத்த ஆண்டே அது லண்டன் தேசிய நாடக அரங்குக்குச் சென்றது. திறமை எங்கிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்த குழு எது?

ஆனால், சங்க விதி மட்டும் போதுமா? 1968 வரை பிரிட்டனில் நாடகப் பிரதிகளைத் தணிக்கை செய்யும் அதிகாரம் லார்ட் சேம்பர்லேன் என்ற அரண்மனை அதிகாரியிடம் இருந்தது. அந்த ஆண்டின் நாடக அரங்குச் சட்டமே அதை ஒழித்தது. நம் கோலாலம்பூரிலோ 1992ஆம் ஆண்டின் கேளிக்கைச் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். திறந்த மேடைக்கு அமைப்பாளரின் மனமும் வேண்டும், நாட்டின் சட்டமும் வேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. அதன் பெயர் பணம். எடின்பர்க்கில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. ஆனால் அரங்க வாடகை, பதிவுக் கட்டணம், ஆகஸ்டு மாதத்தில் எகிறும் தங்குமிடச் செலவு ஆகியவற்றைக் கலைஞர்களே சுமக்கிறார்கள். கையில் காசில்லாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றுதானே? 1996இல் பீட்டர் பக்லி ஹில் 'இலவச ஃபிரிஞ்ச்' முறையைத் தொடங்கியதற்கு இதுவே காரணம்: கலைஞருக்கு அரங்க வாடகை இல்லை, பார்வையாளருக்குக் கட்டணம் இல்லை, விரும்பியதைக் கொடுக்கலாம்.

வெள்ளையர் அல்லாத கலைஞர்களும் இந்த இடைவெளியைக் கண்டார்கள். 2018இல் ஜெஸ் பிரஃப் தொடங்கிய 'ஃபிரிஞ்ச் ஆஃப் கலர்' முதலில் செய்தது எளிய வேலை: அவர்களின் நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலிட்டது. மறு ஆண்டு, வெள்ளையர் அல்லாத இளைஞர்களுக்கு இலவச நுழைவுச்சீட்டு ஏற்பாடு செய்தது. சம உரிமை ஏட்டில் இருந்தும் அரங்கில் அவர்கள் குறைவாகவே இருந்ததால்தான் இது தேவைப்பட்டது.

ஆகவே, நம் மாநகர் மன்றங்கள் மக்கள் வரிப்பணத்தில் கலை விழா அறிவிக்கும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். தேர்வு செய்வது யார்? உரிமத்தை மறுக்கும் அதிகாரம் யாரிடம்? செலவைச் சுமப்பது யார்? இந்த மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் கிடைக்கும்வரை, "விழா அனைவருக்கும் உரியது" என்பது வெறும் விளம்பர வாசகமே!