உடுப்பு யாருக்குப் பொருந்தும்?

கிழக்கு வெளுக்கும் முன்பே எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் இருபது முப்பது இளைஞர்கள் ஓடிக்கொண்டிருப்பதைக் காலை நடைக்குச் செல்லும் நான் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓரத்தில் நிற்பான். 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் முடித்தவர்கள் மூச்சிரைக்கத் தரையில் சாய்வார்கள். முடிக்காதவர்கள் சிறிது நேரம் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்குவார்கள். வேப்பமரக் கிளையில் கட்டிய கயிற்றில் ஏறி ஏறி அவர்களுடைய உள்ளங்கைகள் காய்த்துப் போயிருக்கும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கான ஆயத்தம் இது. அவர்களில் சிலர் என் பழைய மாணவர்கள் ஆகையால், ஓட்டம் முடிந்ததும் என்னருகே வந்து, "ஐயா, போலீஸ் உத்தியோகம் எனக்குச் சரிப்பட்டு வருமா?" என்று கேட்பதுண்டு.

பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளைக்குக் கௌரவமான அரசாங்க சம்பளம் கிடைக்கும் வாசல்கள் மிகச் சிலவே என்பதால், இந்தக் கேள்வியைக் கேட்கும் அவகாசமே பல குடும்பங்களில் கிடைப்பதில்லை. வாய்த்தால் போதும் என்பதே பெற்றோரின் பிரார்த்தனை. அப்படியிருக்க, நாற்பது வருஷம் சுமக்க வேண்டியதைப் பற்றி நாலு நாளாவது யோசிக்க வேண்டும் என்று கருதி என்னிடம் வந்து கேட்கிற பையனை நான் மனமார மதிக்கிறேன்.

தேர்வு வாரியம் தன் கடமையை ஒழுங்காகவே செய்கிறது. பொதுப் பிரிவிலும் பிற்படுத்தப்பட்ட பிரிவுகளிலும் ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரம், 81 சென்டிமீட்டர் மார்பளவு, மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிவு என்று உடம்பை அளந்துவிடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24, தேசிய மாணவர் படை, விளையாட்டு முதலியவற்றுக்கு 6 என்று நூறும் பங்கிடப்பட்டிருக்கிறது. எழுத்துத் தேர்வில் உளவியல் என்ற தலைப்பில் 25 மதிப்பெண் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் சோதிக்கப்படுவது கணக்குத் திறனும் தர்க்கத் திறனுமே. ஒருவனுடைய சுபாவத்தை அளக்கும் கோல் எதுவும் வாரியத்தின் கையில் இல்லை. அதை அவனே அளந்துகொண்டுதான் விண்ணப்பம் போட வேண்டும்.

சினிமாவில் காணும் துரத்தலும் துப்பாக்கியும் இந்த உத்தியோகத்தில் அபூர்வத்திலும் அபூர்வம். சில மாதப் பயிற்சி முடிந்து வெளிவருகிறவர்களில் பலர், ஆயுதப் படையிலோ பட்டாலியனிலோ வருஷக் கணக்கில் இருந்த பிறகுதான் காவல் நிலையத்தின் படியை மிதிக்கிறார்கள். அதுவரை பந்தோபஸ்துதான் வாழ்க்கை. அமைச்சரின் கார் வரிசை ஒரு நொடியில் கடந்து போகும் சாலையில், அந்த ஒரு நொடிக்காக விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்றிருப்பது. கைதியை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்று, வழக்கு ஒத்தி வைக்கப்பட்டதும் அதே பஸ்ஸில் திரும்ப அழைத்து வருவது. கிடங்கு வாசலில் நடுநிசியில் பாரா நிற்பது. நிலையத்துக்கு வந்த பிறகோ, சம்மன் கொடுக்க ஊர் ஊராய் அலைவதும், மனுவுக்கு ரசீது எழுதுவதும், தண்டவாளத்தருகே கிடக்கும் பெயர் தெரியாத ஒருவருடைய உடலுக்குப் பக்கத்தில், விசாரணை முடிந்து அது அரசு மருத்துவமனைக்குப் போகும் வரை, நாயும் காக்கையும் அண்டாமல் காவல் இருப்பதும் வந்து சேரும். அந்த உடலுக்கு உற்றார் ஒருவரும் வராதபோது, அதைக் கண்ணியமாகக் காத்து நிற்கிற அந்த மனிதனை நான் சமூகத்தின் மிக உயர்ந்த ஊழியர்களுள் ஒருவனாகக் கருதுகிறேன். ஆனால் அந்தப் பணியை இழிவென்று எண்ணி முகம் சுளிக்கிறவனுக்கு நட்சத்திரம் வைத்த தோள்பட்டை மட்டும் என்ன நிம்மதியைக் கொடுத்துவிடும்?

பண்டிகை நாட்கள் எல்லாருக்கும் வீட்டில், இவர்களுக்கு வீதியில். வார ஓய்வு வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவிட்டது நல்ல காரியம். ஆயினும் திருவிழாவும் தேர்தலும் நெருங்கும்போது அந்த ஓய்வு எப்படிக் கரைந்து போகிறது என்பதை அவர்கள் மனைவி மக்கள் அறிவார்கள். 1966ஆம் வருஷத்துச் சட்டப்படி மற்றத் தொழிலாளரைப் போல் சங்கம் கூடி முறையிடவும் இவர்களுக்குச் சுதந்திரமில்லை. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவர் சிறப்பு உதவி ஆய்வாளர் ஆவதற்குள் கால் நூற்றாண்டு ஏறத்தாழ உருண்டோடிவிடும். பெண்களுக்கு இந்தப் பாரம் இரட்டிப்பு. தமிழகக் காவல் துறையில் 1973இல் ஒரு சிறு கூட்டமாகப் பெண்கள் காலடி வைத்து அரை நூற்றாண்டு கடந்தும், பந்தோபஸ்து நிற்கும் சாலையோரத்தில் ஒரு கழிப்பறைகூட இல்லாமல், தண்ணீர் குடிக்க அஞ்சி நிற்கிற பெண் காவலர்களை நினைத்தால் மனம் வேதனைப்படுகிறது.

எனினும், இந்தக் கஷ்டங்களைத் தாங்கக்கூடியவன் எவனும் போலீஸ் உத்தியோகத்துக்குத் தகுந்தவன் என்று நான் சொல்ல மாட்டேன். தேகசிரமத்தைப் பழக்கத்தால் வென்றுவிடலாம். அதிகாரத்தை அப்படிப் பழக்கத்தால் வெல்ல முடியாது, பழகப் பழக அதுதான் மனிதனை வெல்கிறது. இரவு பதினோரு மணிக்கு, உறவினர் எவரும் உடனில்லாத ஒருவன், சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போட முடியாமல் நடுங்கிக்கொண்டு உங்கள் முன் நிற்கும்போது, உங்கள் கையும் நாவும் என்ன செய்யும் என்பதுதான் பிரதானமான பரீட்சை. கைதானவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று நமது அரசியல் சாசனம் விதித்திருப்பதும், போலீஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் வகுத்த விதியை 2023இன் புதிய சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டிருப்பதும், அந்த இரவு நேரத்தின் ஆபத்தை உணர்ந்துதான்.

அந்த ஆபத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் 2020 ஜூன் மாதத்தில் கண்டோம். ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகச் சொல்லிச் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து மாண்டுபோனார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து அதை எடுத்துக்கொண்டது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம், அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், உடன் வேலை செய்தவர்களுக்கு எதிராகத் தாம் கண்டதைச் சொன்னார். நாளையும் அதே துறையில், அதே உடுப்பில், அதே சக ஊழியர்களின் முகத்தில் விழித்துக் காலம் தள்ள வேண்டியவர் அப்படிச் சொன்னதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்பதை, அலுவலகத்தில் ஒரு சின்ன அநியாயத்தைக் கண்டும் வாய் மூடி வந்த நம்மில் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கலாம். கயிறேறும் தைரியம் இதற்குப் பக்கத்தில் வராது.

ஆகவே என்னைக் கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பவை மைதானத்துக்குச் சம்பந்தமில்லாதவை. பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை அடித்தபோது நீ எந்தப் பக்கம் நின்றாய்? உன்னை எதிர்த்துப் பேச முடியாத தம்பியிடமும், சைக்கிளில் வந்து தெரியாமல் இடித்துவிட்ட சிறுவனிடமும் உன் குரல் எப்படி மாறுகிறது? நீ செய்த தவற்றை ஒருவரும் பார்க்காதபோதும் ஒப்புக்கொண்டதுண்டா? இவற்றுக்கு எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய்த் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் போதும் என்பேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன், தலையைக் குனிந்தபடி, "ஐயா, எனக்கு யாரையும் அடிக்க வராதுங்க, நான் இந்த வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டான். தாராளமாகப் போ என்று அனுப்பினேன். இப்போது ஒரு தாலுகா நிலையத்தில் எழுத்தருக்குத் துணையாக இருக்கிறான். எழுதத் தெரியாத கிழவி காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொல்வதை முழுவதும் கேட்டு, மனுவாக எழுதி, அவளுக்கே ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு வாங்குவானாம்.

இன்னொருவன் இந்த வருஷம் ஓடுகிறான். அவன் தகப்பனாரை ஒரு வாய்க்கால் தகராறில் நிலையத்துக்கு அழைத்துப் போய், பலர் பார்க்க அவமானப்படுத்தியிருக்கிறார்கள். "நாளைக்கு நான் உடுப்புப் போட்டா, எங்க வீட்டு ஆளை எவனும் கை நீட்டிப் பேச மாட்டான் ஐயா" என்கிறான். அவனுடைய வலி நியாயமானது. அந்த வலி அவனை வேறொரு தகப்பனுக்கு அரணாக நிற்க வைக்குமா, அல்லது வேறொரு மகனின் முன்னால் அதே வசையைச் சொல்ல வைக்குமா என்பது அவனுக்கே இன்னும் தெரியவில்லை. நேற்று 6 நிமிஷம் 40 வினாடியில் ஓடி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். அவனை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து வெயில் ஏறும்வரை பேசினேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.