வளர்கிற பிள்ளைக்குப் பெரிய சைக்கிள் வாங்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பத்து வயதுக்குள் பிள்ளை இருப்பவர்களாவது முழுதாகப் படியுங்கள்.

என் பேரனுக்கு எட்டு வயது. திருவான்மியூரில் மகள் வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆரில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையாகப் போகிறவர்களைப் பார்த்துவிட்டு, தனக்கும் அதே மாதிரி ரோடு பைக் வேண்டும் என்கிறான். ஆட்டுக் கொம்பு போல் வளைந்த ஹேண்டில்பார், மெல்லிய டயர். மாப்பிள்ளை வாங்கித் தரத் தயார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு யோசனை. பாதிப் பேர் சொன்னது: "வளர்ற பையன், பெரிய சைஸா வாங்கிடுங்க, அஞ்சு வருஷம் ஓடும்."

ஆறு வருஷத்துக்கு முன் இதே வார்த்தையைச் சொன்னவன் நான்தான். மூத்த பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. கடைக்காரர் 24 அங்குலச் சக்கரம் வைத்த சைக்கிளைக் காட்டினார். நான் 26 எடுக்கச் சொன்னேன். யூனிஃபார்ம் தைக்கிற கணக்கு எனக்கு. ரெண்டு அங்குலம் மடித்துத் தைத்தால் அடுத்த வருஷமும் ஆகுமே! ஒரு வாரம்கூட ஆகவில்லை, தெருமுனையில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பிரேக் பிடித்து நிறுத்திவிட்டாள். காலை ஊன்றப் பார்த்தாள், தரை எட்டவில்லை. நின்ற சைக்கிளோடு அப்படியே சாய்ந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஒரு மாதம் மாவுக்கட்டு.

கை சரியாகிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொடவே இல்லை. இப்போது பதினைந்து வயது, டியூஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறாள். அந்தச் சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடும் கொடியாக இருந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போனது. வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

"நாமெல்லாம் அப்பா சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுத்தானே கத்துக்கிட்டோம்" என்று தம்பி கேட்கிறான். வாடகைச் சைக்கிளில் நானும் கற்றவன்தான், முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. வேறு சைக்கிள் கிடைக்காததால் அப்படிக் கற்றோம். அன்றைக்குத் தெருவில் மாட்டு வண்டியும் நாயும்தான். இன்றைக்கு அப்படியா இருக்கிறது?

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி வரும் நாளெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்பேனரை வைத்துக்கொண்டு குள்ளமான பிள்ளைகளுக்கு சீட்டை இறக்கிக் கொடுப்பது என் வேலை. சீட் இறங்கியதும் அந்தப் பிள்ளை முகம் மாறும். அதை அத்தனை வருஷம் பார்த்தும் சொந்தப் பேத்தி விஷயத்தில் புத்தி வரவில்லை.

சரி, கடையில் என்ன பார்ப்பது? முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆச்சரியமாக வாங்கித் தருகிறேன் என்று ஆன்லைனில் போடாதீர்கள். பாருக்கு இருபுறமும் காலை விரித்துச் செருப்போடு நிற்கவையுங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் இருக்கும்போது பாருக்கு மேல் ஒன்றிரண்டு அங்குல இடைவெளியாவது வேண்டும். சீட்டில் உட்கார்ந்தால் முன்பாதம் தரையைத் தொட வேண்டும்.

அடுத்தது பிரேக். வளைந்த ஹேண்டில்பாரில் இதுதான் பெரிய சிக்கல். பல பிரேக் பிடிகள் பெரியவர்கள் கைக்குச் செய்தவை. கையை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் பிள்ளையின் விரல் பிடியை எட்டி, அழுத்தி இழுக்க முடிய வேண்டும். சில பிடிகளில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினால் பிடி கைக்குக் கிட்டே வரும். கடைக்காரரிடம் கேளுங்கள். அப்படியும் எட்டாவிட்டால் நேர் ஹேண்டில்பார்தான். பையன் அழுதாலும் பரவாயில்லை. எட்டினால் அவன் ஆசைப்பட்டதையே வாங்கிக் கொடுங்கள். ஆசைப்பட்டதைத்தான் பிள்ளைகள் தினமும் எடுத்து ஓட்டுவார்கள்.

எடைக்கு ஒரு சின்னக் கணக்கு. 25 கிலோ பிள்ளைக்கு 15 கிலோ சைக்கிள் என்றால், 70 கிலோ ஆளுக்கு 42 கிலோ சைக்கிள். நீங்கள் ஓட்டுவீர்களா? முன்னால் ஸ்பிரிங் வைத்து, "21 கியர்" என்று ஸ்டிக்கர் ஒட்டியதெல்லாம் எடையைத்தான் கூட்டும். நம் சென்னையில் என்ன மலை இருக்கிறது? முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஏழு போதும். டயர் மட்டும் பெரியவர்கள் ரேஸ் சைக்கிள் மாதிரி 25 மில்லிமீட்டரில் வேண்டாம். 32-ஆவது இருக்கட்டும். மழைநீர் வடிகால் மூடியின் இடுக்கில் மெல்லிய டயர் மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டு வருஷத்துல சின்னதாயிடுமே, பணம் வீண்" என்கிறார் மாப்பிள்ளை. நியாயமான கேள்வி. அதனால்தான் செகண்ட் ஹேண்டில் நல்லதாகத் தேடச் சொன்னேன். பிள்ளை வளர்ந்துவிட்டதால் சும்மா நிற்கும் சைக்கிள் எல்லா அபார்ட்மெண்டிலும் இருக்கும். இவனுக்குச் சின்னதானதும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

வருகிற ஞாயிறு கடைக்குப் போகிறோம். பேத்தியும் வருகிறேன் என்றிருக்கிறாள். தம்பிக்குக் கால் எட்டுகிறதா என்று அவள்தான் பார்ப்பாளாம்.

சைக்கிள் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள், எட்டு வயதுக்கு ஏற்ற ரோடு பைக் கைவசம் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம், காது முன்போல் இல்லை.