ஓய்வு யாருக்கு?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரை மாநகரம் அனல் கக்கத் தொடங்குகிறது. வைகை மணல் கொதிக்கிறது. மொட்டைமாடியில் பாய் விரித்தாலும் விடியும்வரை உறக்கம் வருவதில்லை. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியதும், வீடுகளில் எழும் கேள்வி ஒன்றே: "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" முன்பெல்லாம் விடை எளிது. பாட்டி வீடு, அல்லது வேளாங்கண்ணி, கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கொடைக்கானலில் இரண்டு நாள். இன்றோ புதிதாக ஒரு விடை வந்திருக்கிறது. காட்டோரத்தில் மரக்குடிலிலோ கூடாரத்திலோ குடும்பத்தோடு தங்கலாம் என்கிறார்கள். கிளாம்பிங் என்பது அதற்கு வழங்கும் பெயர். கேம்பிங் என்ற சொல்லோடு கிளாமரைச் சேர்த்துக் கட்டிய புதுச்சொல் அது. பெயரே குணத்தைக் காட்டிவிடுகிறது. கூடாரம் இருக்கும், அதற்குள் மெத்தைக் கட்டிலும் இருக்கும். மரவீடு இருக்கும், அதற்குள் வெந்நீர்க் குழாயும் இருக்கும். வெளியே காடு, உள்ளே நட்சத்திர ஓட்டல்!

இதை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. காட்டுக்குப் போவது நல்லது. குடும்பமாகப் போவது இன்னும் நல்லது. நகரத்து வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு மூலையில் நான்கு கைபேசிகள் ஒளிர்கின்றன. ஒரே அறையுள்ள குடிலில் அப்படிப் பிரிந்து உட்கார மூலைகள் போதா. விளக்கு குறைந்தால் விண்மீன்கள் கூடுகின்றன. பேச வேறு ஆள் இல்லாதபோது அப்பா தம் பள்ளிக்கூடக் கதையைச் சொல்கிறார், அம்மா சிரிக்கிறார், தம்பிகூடச் சண்டையை மறக்கிறான். இவை விலைமதிப்பற்றவை. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும் என்பது நம் கருத்து. இந்த ஓய்வு யாருக்கு?

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றியதை மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் திருவிவிலியத்தில் அதை முழுதாகப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? ஓய்வு வீட்டுத் தலைவருக்கு மட்டும் என்று அங்கே சொல்லப்படவில்லை. மகனும் மகளும், பணியாளனும் பணிப்பெண்ணும், மாடும் கழுதையும், ஊருக்குள் தங்கும் அந்நியரும் ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூல். ஒருவர் இளைப்பாறப் பலர் களைத்தால், அதற்குக் கடவுளின் கணக்கில் ஓய்வு என்று பெயரில்லை. இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு மலையேறிப் பார்ப்போம்.

மதுரைக்காரர் மலைக்குப் போய் இளைப்பாறுவது புதிதன்று. காலராவும் காய்ச்சலும் சமவெளியில் உயிர்களைப் பறித்த காலத்தில், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் முதலில் சிறுமலையை நாடினார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. பிறகு 1845-ல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அங்கிருந்துதான் அந்த நகரம் வளர்ந்தது. உயிர் பிழைக்கப் போனவர்களை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் மோட்டார் சாலை வருவதற்கு முன் அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதையில், பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார வைத்து, சுமையாட்கள் தோளில் தூக்கிச் சென்றார்கள். மேலே போனவர்களின் பெயர்களைச் சரித்திரம் சொல்கிறது. தூக்கிச் சென்றவர்களின் பெயர்கள் யாருக்குத் தெரியும்?

இன்று சாலை இருக்கிறது, பஸ் இருக்கிறது. தோள்களோ நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. விடியற்காலைக் குளிரில் நமக்கு வெந்நீர் வைப்பவர் யார்? ஒரே இரவு நாம் விரித்துப் படுத்த வெள்ளை விரிப்பைத் துவைப்பவர் யார்? பெரும்பாலும் அந்த மலைக்கிராமத்துத் தாய்மார்களும் அக்காமார்களுமே. அவர்களை எட்டிப் பார்த்து "நன்றி அக்கா" என்று சொல்லக்கூட நமக்கு நேரம் இருப்பதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் அம்மாவையே பார்ப்போம். புறப்படும் நாளில் முதலில் எழுந்து புளியோதரை கட்டுபவர் அவர். போய் இறங்கியதும், "சமையல் வசதி உண்டு" என்று விளம்பரம் செய்த குடிலில் அடுப்பைப் பற்றவைப்பவரும் அவரே. நாமெல்லாம் மலைமுகட்டில் மேகம் பார்க்கையில் அவர் பாத்திரம் தேய்க்கிறார். சமையலறை இடம் மாறியதே தவிர, அம்மாவுக்கு விடுமுறை வரவில்லை. மாணவியராகிய நாமும், அப்பாவும், அண்ணன் தம்பியரும் ஆளுக்கொரு வேலையைப் பகிர்ந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

வாய் பேசாத பணியாளர் ஒருவரும் உண்டு. அதுதான் காடு. பழனி மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பெய்கிற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. கொடைக்கானலுக்கு அப்பால் அடர்ந்த வனத்துக்குள் இருக்கும் பேரிஜம் ஏரியின் நீர்தான் பெரியகுளத்து மக்களின் தாகம் தீர்க்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்கு மலைகளிலிருந்து வரும் நீரே மதுரைக்கும் குடிநீராகிறது. ஆகவே மேலே நாம் வீசும் பிளாஸ்டிக்கும், மேலே பெருகும் கழிவுநீரும் யாரோ அந்நியரைச் சேர்வதில்லை. நம் வீட்டுக் குடத்தைத்தான் தேடி வருகின்றன.

காட்டுயிர்களுக்கும் ஓய்வு வேண்டும். 2021 ஜனவரியில் நீலகிரியின் மசினகுடி அருகே, தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானைமீது எரியும் பொருளை வீசினார்கள். தீக்காயத்தோடு தவித்த அந்த யானை இறந்துபோனது. யார் வீட்டுக்குள் யார் நுழைந்தது என்பதை மனிதர் மறந்ததன் விளைவு அது. கூட்டம் மிகுந்துவிட்டது என்பதால்தான் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் சொன்ன பிறகா நாம் நிதானிக்க வேண்டும்?

"இவ்வளவு ஆபத்து என்றால் பெண் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பாமல் இருப்பதே மேல்" என்று சில பெற்றோர் நினைக்கலாம். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவர்களில் பெண்களும் பலர். ஆனால் அந்தத் துயரம் கற்பிப்பது என்ன? காய்ந்த புல் நிற்கும் மாதங்களில் மலைக்காட்டுக்குள் போகாதே; வனத்துறை அனுமதி தராத பாதையில் கால் வைக்காதே; தீ மூட்டாதே என்பவையே. வீட்டுக்குள் முடங்கியிரு என்று அது கற்பிக்கவில்லை.

காட்டை எப்படி அனுபவிப்பது என்பதற்கு நல்ல முன்மாதிரி நம் அருகிலேயே உண்டு. இயேசு சபைத் தந்தை கே. எம். மாத்யூ பல்லாண்டுகள் பழனி மலையில் நடந்து, செடி செடியாய்ப் பார்த்து, 1999-ல் அம்மலையின் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். செண்பகனூரில் இயேசு சபையார் அமைத்த அருங்காட்சியகமும் இத்தகைய பொறுமைக்குச் சாட்சி. நாம் அறிஞர்களாக வேண்டியதில்லை. இரண்டு நாளில் ஐந்து மரங்களின் பெயரையும் மூன்று பறவைகளின் குரலையும் அறிந்து திரும்பினால் அதுவே பெரும் செல்வம்.

ஆகவே இந்தக் கோடையில் புறப்படுவோர் சிலவற்றை உறுதி செய்துகொள்ளலாம். அனுமதி பெற்று நடத்தப்படும் இடத்தையே தேடுவோம். அலங்காரம் மிகுந்ததை விட்டு, சிறிய எளிய குடிலைக் கேட்போம். ஒலிபெருக்கியும் தீமூட்டி ஆட்டமும் வேண்டாம் என்று நாமே சொல்லிவிடுவோம். கொண்டுபோன குப்பையை மதுரைக்கே திருப்பிக் கொண்டுவருவோம். அம்மாவை ஒரு வேளையாவது உட்கார வைத்துப் பரிமாறுவோம். நமக்காக உழைத்தவரின் பெயரைக் கேட்டு, நன்றி சொல்லி விடைபெறுவோம்.

ஆண்டவர் மலைமேல் உருமாறியபோது, அங்கேயே மூன்று கூடாரம் அமைக்கலாம் என்று ஆசைப்பட்டார் பேதுரு. ஆண்டவரோ அவரைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் நோயுற்ற பிள்ளையோடு ஒரு தந்தை காத்திருந்தார். மலை நமக்கும் நிரந்தர இடமன்று. அங்கே பெற்ற அமைதியை இந்த வெயில் நகருக்கு இறக்கிக் கொண்டுவந்து, நம் வீட்டிலும் உழைப்பவர் அனைவரும் சற்று இளைப்பாற வழி செய்வோமாக!