கம்பியை ஆட்டுவது யார்?

நம் பல்கலைக்கழக விமான மாதிரிக் கழகத்தின் பட்டறை மூலையில் ஓர் இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கிறது. இரண்டு தூண்கள், நான்கு மோட்டார்கள், நடுவே ஒரு நிக்ரோம் கம்பி. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடேறும். தெர்மாகோல் கட்டியை அறுத்து இறக்கையாக்கித் தரும். இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு முழுவதும் அது ஓர் இறக்கையைக்கூட அறுக்கவில்லை. காரணம் என்ன? அதற்குரிய மென்பொருளின் லைசென்சு, படிப்பை முடித்துச் சென்ற மூத்த மாணவர் ஒருவரின் மடிக்கணினியோடு போய்விட்டது! அவரைக் குறை கூறிப் பயனில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்தை இரவல் வாங்கியவர்கள் நாம்.

இப்போது, “புதிய மென்பொருள் எதை வாங்கலாம்?” என்ற பேச்சு எழுந்திருக்கிறது. சிலர் திரையின் அழகைப் பார்க்கிறார்கள். சிலர் விலையைப் பார்க்கிறார்கள். நான் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வேன்.

முதற் கேள்வி: கம்பியின் இரு முனைகளையும் தனித்தனியே நடத்த அதற்குத் தெரியுமா? இறக்கை அடியில் 250 மில்லிமீட்டர் அகலம், நுனியில் 150 என்று கொள்வோம். இரு முனைகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். எனவே நுனிப்பக்கம் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில்தான் செல்லும். அதோடு முடிந்ததா? கட்டியின் நீளம் 600 மில்லிமீட்டர். தூண்களோ இருபுறமும் 150 மில்லிமீட்டர் தள்ளி நிற்கின்றன. அப்படியானால் அடிப்பக்கத் தூண் 275 அகலத்திற்கும், நுனிப்பக்கத் தூண் 125 அகலத்திற்கும் நகர வேண்டும். இந்தக் கணக்கைப் போடாத மென்பொருள் எவ்வளவு அழகாயிருந்தும் என்ன பயன்?

இரண்டாம் கேள்வி: உருகலை அது கணக்கில் எடுக்கிறதா? சூட்டுக்கம்பி செல்லும் வழியில் தன்னைவிட அகலமான பாதையை உருக்கிவிடும். அந்தப் பாதை ஒன்றரை மில்லிமீட்டர் என்றால், மேலும் கீழுமாக இறக்கையின் கனத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் போய்விடும். நுனியில் இருக்க வேண்டிய கனமே 18 மில்லிமீட்டர்தான். பின்விளிம்போ காகிதம் போல் ஆகிவிடும். மெதுவாகச் செல்லும் நுனிப்பக்கத்தில் உருகல் இன்னும் அதிகம். ஆகவே அடிக்கு ஓர் அளவு, நுனிக்கு ஓர் அளவு என்று திருத்தம் கொடுக்க இடம் வேண்டும். நம் பழைய இறக்கைகளின் நுனி மெலிந்து போனதற்கு நாம் தெர்மாகோலைத் திட்டினோம். குற்றம் தெர்மாகோலுடையது அன்று.

மூன்றாம் கேள்விதான் தலையாயது: அது எழுதித் தரும் கட்டளைகளை நாம் திறந்து படிக்க முடியுமா? பாதையை வகுப்பது ஒரு மென்பொருள். மோட்டாரை ஓட்டுவது மற்றொன்று. முன்னது சாதாரண ஜி-கோடாக எழுதித் தந்தால், பின்னதை நாம் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். லினக்ஸ்சிஎன்சி என்பது அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்தது, விலையில்லாதது, மூலநிரலும் திறந்தது, நான்கு அச்சுகளையும் ஓட்டும். ஆர்டுவினோ பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் மலிவானதே. ஆனால் அதன் மூல வடிவம் மூன்று அச்சுகளுக்கே உரியது. நான்கு அச்சுக்கு மாற்றிய வடிவத்தையே தேட வேண்டும். பாதை வகுக்க, பிரெஞ்சு நாட்டில் உருவான ஜெடிகட் விலையின்றிக் கிடைக்கிறது.

“போட்டிக்கு இரண்டே வாரம் இருக்கும்போது இதையெல்லாம் யார் கற்பது? பணம் கொடுத்தால் ஒரே நாளில் வேலை முடியுமே!” என்பார்கள் நண்பர்கள். நியாயமான பேச்சுதான். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் நல்லவை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வாங்குவதானால் கழகத்தின் பெயரில் வாங்குங்கள். ஒருவர் மடிக்கணினியில் பூட்டி வைக்காதீர்கள். திருட்டுப் பிரதி மட்டும் வேண்டாம். உழைத்தவனின் கூலியைப் பறித்து நாம் பறக்கவிடும் விமானம் நமக்குப் பெருமை தராது.

ஒரு நாள் வேலைக்காக ஓராண்டை இழந்தோம் என்பதை மறக்கலாமா? என் முடிவு இது: திறந்த மென்பொருளையே தேர்ந்தெடுப்போம். உருகல் அளவு, கம்பிக்குக் கொடுத்த மின்னோட்டம், வேகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பட்டறையிலேயே வைப்போம். கழகத்தில் உள்ள வங்காளியும் மராத்தியரும் படிக்க ஆங்கிலத்தில் ஒன்று; அடுத்த ஆண்டு ஊரிலிருந்து தயங்கித் தயங்கி வந்து நிற்கும் நம் தம்பி தங்கையருக்காகத் தமிழில் ஒன்று.

இந்த ஆண்டோடு நானும் விடைபெறுகிறேன். நான் போனபின் அந்த இயந்திரத்தின் மேல் மறுபடியும் துணி விழக்கூடாது. அதுவே என் ஆசை.