விலக்கி வைத்தால் மட்டும் போதுமா?

"மது நமக்கு ஹராம். ஆகவே மதுக்கடை நமது கவலையன்று." விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம்மவர் நாவிலிருந்து இச்சொற்களை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து அமைதியாகச் சொல்லப்படும்போது இது மார்க்கப் பற்றின் முழக்கமாகவே ஒலிக்கிறது. சற்று உரசிப் பார்த்தால், பொறுப்பைத் தட்டிக் கழிக்க எடுத்த போர்வை என்பது புலப்பட்டுவிடும். இப்போர்வையை விலக்கிப் பேசுவது சிலருக்குக் கசக்கலாம். கசந்தாலும் பேசியாக வேண்டியிருக்கிறது.

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் சிற்றூரில் 2023ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது என்ன? சாராயம் என்ற பெயரில் விற்கப்பட்ட மெத்தனால் நஞ்சைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மாண்டனர். ஓராண்டு கழிந்து, 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தோடு இணைந்திருந்த மண் அது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது, பிறகு உயிரையே மாய்க்கிறது. கண் இருண்ட கணவனை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்களிடம் போய், "இது எங்கள் கவலையன்று" என்று சொல்லும் துணிவு நம்மில் எவருக்கு உண்டு? பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறார உண்பவனைப் பெருமானார் (ஸல்) எவ்வாறு கண்டித்தார்கள் என்பதை மேடைதோறும் முழங்குகிறோமே, அந்த அண்டை வீடு நம் தெருவோடு முடிந்துவிடுகிறதா?

இம்மாவட்டத்துக்கு இதில் வேறொரு வரலாறும் உண்டு. சேலம் மாவட்டத்தில் 1937இல் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, காந்தியடிகள் மறைந்தபின் வந்த முதற் பிறந்தநாளான 1948 அக்டோபர் 2 அன்று சென்னை மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அன்று ஆட்சித் தலைமையில் இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த இராமசாமி ரெட்டியார். மதுவை மாகாணமெங்கும் மூட ஆணையிட்ட பெருமகனை ஈன்ற வட்டாரத்திலேயே நச்சுச் சாராயம் ஊற்றப்பட்டது என்பதைக் காட்டிலும் வேதனை உண்டோ? 1971இல் விலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே ஏற்று நடத்தி வருகிறது. 2023-24ஆம் ஆண்டில் அரசு அதன்மூலம் பெற்ற வருவாய் நாற்பத்தைந்தாயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. அரசைக் குறை கூறுவதற்கு ஆயிரம் பேர் உள்ளனர். அவர்களோடு சேர்ந்து கூவ நாமும் முந்திக் கொள்வோம். ஆனால் நம் பங்குக்கு நாம் என்ன செய்தோம் என்ற கேள்வி எழும்போது மட்டும் அவை அமைதியாகிவிடுகிறது.

மார்க்கம் மதுவை எவ்வாறு விலக்கியது என்பதையேனும் நினைவு கூர்வோம். ஒரே இரவில் இறங்கிய ஆணையன்று அது. மதுவில் சிறிது பயன் இருப்பினும் பாவமே பெரிது என்று அறிவித்தது அல்பகறா அத்தியாயம் (2:219). போதையோடு தொழுகையை நெருங்கலாகாது என்றது அந்நிஸா (4:43). அதன் பின்னரே முற்றாகத் தவிர்க்கும்படி கட்டளையிட்டது அல்மாயிதா (5:90). உள்ளத்தைப் பக்குவப்படுத்திய பிறகே ஊற்று அடைக்கப்பட்டது. அதோடு நின்றுவிடவும் இல்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தை ஓதுவோர் 66 முதல் 69 வரையுள்ள வசனங்களைக் கவனித்துப் பார்க்கட்டும். பாலும், பழங்களின் நல்லுணவும், தேனும் இறைவனின் அத்தாட்சிகளாக அங்கே எண்ணிச் சொல்லப்படுகின்றன. நல்ல உணவுகளைத் தடுத்தவர் யார் என்று வினவுவதும் அதே திருமறைதான் (7:32). பேரீச்சம் பழத்தைக் காலையில் நீரில் ஊறவைத்து மாலையில் நாயகம் (ஸல்) அருந்தியதை ஆயிஷா நாயகி (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது, குடைந்த ஈச்ச மரக்கட்டை, சுரைக்குடுக்கை முதலிய பாத்திரங்களில் பானம் ஊறப்போடுவதைக்கூடத் தடுத்தார்கள். அவற்றில் பானம் எளிதில் புளித்துப் போதையேறிவிடும் என்பதே காரணம். பிற்காலத்தில் அத்தடை தளர்த்தப்பட்டு, போதை ஒன்றே விலக்கப்பட்டதாக நிலைபெற்றது. பாத்திரத்தின் அடி வரையில் சென்று கவலைப்பட்ட மார்க்கத்தைப் பின்பற்றுகிறோம் என்று கூறிக்கொள்ளும் நாம், மாற்றுப் பானத்தைப் பற்றி ஒருநாளேனும் கவலைப்பட்டதுண்டா?

இவ்விடத்தில் பனையை மறப்பதற்கில்லை. விக்கிரவாண்டி வட்டாரத்தில் பனையேறிகளின் குடும்பங்கள் இன்றும் மரத்தை நம்பி வாழ்கின்றன. ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாது விட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிறது. ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையிலுள்ள கோடு ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு! தமிழகத்தில் கள் இறக்குவது 1987 முதல் தடுக்கப்பட்டிருக்கிறது. கள்ளும் உணவே, தடையை நீக்குக என்று பனையேறிகள் போராடி வருகின்றனர். அவர்கள் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. அதிகம் அருந்தினால் போதை தருவது குறைவாயினும் விலக்கப்பட்டதே. ஆனால் "கள் கூடாது" என்று உரத்துச் சொல்லும் நாம் அவர்களிடமிருந்து பதநீர் வாங்குகிறோமா? பதநீர் விற்காத மரத்தில் ஏறியவன் பிள்ளைகளுக்கு எதைக் கொண்டு கஞ்சி காய்ச்சுவான்? சுண்ணாம்பு தடவுகிறவனை ஆதரிக்காமல், தடவாதவனைக் கண்டிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 2024, 2025, 2026 ஆகிய ஆண்டுகளில் ரமலான் மாசி, பங்குனி மாதங்களில் அமைந்தது. பதநீர் சுரக்கும் பருவமும் அதுவே. பாளையை நாள்தோறும் காலையும் மாலையும் சீவுகின்றனர். மாலையில் இறங்கும் பதநீர் மஃரிப் பாங்குக்குள் பள்ளிவாசல் வந்து சேரலாம். நம் நோன்பு திறக்கும் விரிப்புகளில் இருப்பதென்ன? செயற்கைச் சாயம் கலந்த செந்நிற நீரும், புட்டியில் அடைத்த சர்க்கரை நீரும். கூப்பிடு தூரத்தில் இறைவன் மரத்தின் உச்சியில் வைத்த இனிப்பு வீணாகிறது. நெடுந்தொலைவிலிருந்து லாரியில் வரும் இனிப்புக்குக் காசு கொடுக்கிறோம். சந்திரக் கணக்கின்படி ரமலான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும். இன்னும் சில ஆண்டுகளில் அது பனைப்பருவத்தை விட்டு நீங்கிவிடும். பின்பு முப்பதாண்டளவில் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இனி, தேநீர் பெஞ்சைப் பழிப்போருக்கு ஒரு சொல். வேலை முடிந்த இளைஞர் கடைவாசலில் அமர்ந்து ஒரு குவளை தேநீரோடு அரைமணி பேசுவது வீண் பொழுதாம். அவர்களை அவ்விடத்திலிருந்து விரட்டினால் எங்கே போவார்கள் என்று விரட்டுவோர் எண்ணிப் பார்த்ததில்லை. நண்பகல் பன்னிரண்டுக்குத் திறந்து இரவு பத்து வரை அவர்களை வரவேற்கும் வேறொரு கடை உண்டு. அங்கே எவரும் "வீண் பொழுது" என்று கடிந்துகொள்வதில்லை. இவ்வகைக் கடிதல் புதியதுமன்று. 1511இல் மக்கமாநகரில் காயிர் பேக் என்னும் அதிகாரி, அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி வைத்துக் காப்பியைத் தடை செய்தான். கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க அருந்திய பானம் அது! அத்தடை நீடிக்கவில்லை. இன்று காப்பியின்றி எந்த ஆலிமுக்கு விருந்தோம்பல் நிறைவடைகிறது? தேநீரைப் பழிப்பவர் அந்த மக்கத்து அவையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதிக்கும் மணம் அஸர் நேரத்திலேயே தெருவை அழைக்கிறது. தூக்குப் பாத்திரம் ஏந்தி வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் நம் வீட்டார் மட்டுமா இருக்கின்றனர்? சாதி, சமயம் கேளாது அகப்பை இறங்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளிவாசல் ஊருக்கே உரியதாகிறது. அரசும் அதற்கென அரிசி வழங்கி வருகிறது. ஆயினும் ஷவ்வால் பிறை தென்பட்டதும் அண்டா கவிழ்க்கப்பட்டு அறைக்குள் போய்விடுகிறது! பதினொரு மாதம் அது உறங்குகிறது.

விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திக்கிலிருந்தும் தண்டவாளங்கள் கூடுகின்றன. திண்டிவனத்திலோ திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் சாலைகள் பிரிகின்றன. இரவெல்லாம் லாரி ஓட்டுநரும் சுமை தூக்குவோரும் அலைந்து திரியும் ஊர்கள் இவை. புதுச்சேரிப் பக்கம் மலிந்த புட்டிகள் எல்லை தாண்டி வருவதை எவரும் அறிவர். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு மட்டுமேனும் ஒரு குவளை சூடான கஞ்சியோ சுக்குக் காப்பியோ கொடுக்க ஓர் அண்டாவும் இரண்டு பெஞ்சுகளும் போதாவா? "அதற்குப் பொருள் எங்கே?" என்று கேட்பவர் தம் வீட்டு வலீமாவின் மறுநாள் காலையில் பந்தலின் பின்புறம் சென்று பார்க்கட்டும். குழியில் கொட்டிய பிரியாணி எத்தனை ஸஹன் என்று எண்ணட்டும். உண்ணுங்கள், பருகுங்கள், வீணாக்காதீர்கள் என்னும் கட்டளையில் முதலிரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டு மூன்றாவதைக் குழியில் புதைக்கும் வழக்கம் செல்வர் வீட்டுத் திருமணங்களில் பெருகிவிட்டது.

குடிக்கு அடிமைப்பட்டவர் நம் வீடுகளில் இல்லையென்று நம்புவோர் நம் பெண்களைக் கேட்கட்டும். மணமுறிவு கேட்டு ஜமாஅத்துக்கு வரும் பெண் "கணவர் சரியில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். பெரியவர்களும் மேலே கேட்பதில்லை. கேட்டால் பதில் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அவனைத் தலைகுனிய வைத்து வெளியேற்றுவதில் காட்டும் விரைவை, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதில் காட்டினால் ஒரு குடும்பமேனும் பிழைக்கும்.

2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்ப்பேட்டையில் மது ஒழிப்புக்காகப் பெண்கள் மாநாடு கூடியது. அந்தக் கோரிக்கையின் அரசியல் எதுவாயினும் ஆகுக. அதை நம் ஜமாஅத் ஒவ்வொன்றும் தன் கூட்டத்தில் எடுத்துப் பேசித் தீர்மானமாக எழுதி ஆட்சியாளருக்கு அனுப்பலாம். அதே கூட்டத்தில் கஞ்சி அண்டாவை வெளியே எடுப்பது பற்றியும், அடுத்த ரமலானுக்கு முன்பே பனையேறி ஒருவரிடம் முன்பணம் கொடுத்து மாலைப் பதநீருக்கு ஏற்பாடு செய்வது பற்றியும் பேசலாம். தலைவர்கள் இதற்கு நாள் குறிக்கட்டும். எந்த ஊர் முந்துகிறது என்று பார்ப்போம்.