கூகுளில் கடை போட்டவர்கள் கவனத்திற்கு

கடந்த மாதம் அஸர் தொழுகை முடிந்து கடைக்கு வந்து உட்கார்ந்த நேரம், பழைய வியாபார நண்பர் ஒருவர் கையில் ஒரு கொட்டேஷனோடு வந்தார். மாதம் 45,000 ரூபா வீதம் ஆறு மாதம் கட்டினால் அவருடைய வெப்சைட்டைக் கூகுளில் முதலாவது இடத்துக்குக் கொண்டு வருவதாக ஒரு கம்பனி எழுதிக் கொடுத்திருக்கிறது. "நானா, நீங்க இதுல அடிபட்ட ஆள். கட்டலாமா?" என்று கேட்டார்.

அடிபட்டது உண்மைதான். அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தாலும், நாலு பேருக்குப் பிரயோசனப்படும் என்பதால் எழுதுகிறேன்.

பழைய சோனகத் தெருவில் தண்ணீர் மோட்டரும் பைப் சாமான்களும் விற்பவன் நான். கடை வாப்பாவின் பெயரில் இருக்கிறது. 2007 இல், கம்பியூட்டர் படித்த தம்பி ஒருவர் 35,000 ரூபாவுக்கு எமக்கு ஒரு வெப்சைட் செய்து தந்தார். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் டொமைன் எனப்படும் அந்த இணையப் பெயரைத் தனது பெயரில், தனது மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துப் பதிந்திருந்தார். அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. பில் புத்தகம், பெயர்ப்பலகை, லொறியின் கதவு என்று எல்லா இடத்திலும் அந்தப் பெயரை அடித்துவிட்டேன்.

நான்கு வருடங்களில் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். பழைய மின்னஞ்சலைத் திறப்பதையும் விட்டுவிட்டார். டொமைன் என்பது வாங்கிவிடும் சொத்தல்ல, வருடாவருடம் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய ஒன்று. .கொம் பெயர் காலாவதியானாலும் உடனே கைமாறுவதில்லை. கூடுதலாகக் கட்டி மீட்பதற்கு 30 நாள் அவகாசமும் தருகிறார்கள். அந்த அறிவித்தல்கள் எல்லாம் யாரும் பார்க்காத ஒரு மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு நாள் காலையில் குருநாகலில் இருந்து எமது வாடிக்கையாளரான ஹாஜியார் ஒருவர் அழைத்தார். "என்ன நானா, ஒங்கட வெப்சைட்டத் தொறந்தா சூதாட்டம் வருது?" என்றார்.

வாப்பாவின் பெயரைத் தட்டினால் சூதாட்டம். அன்று பகல் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

ஆகவே வெப்சைட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்க வேண்டியது, டொமைன் யாருடைய பெயரில், எந்த மின்னஞ்சலில் பதியப்பட்டிருக்கிறது என்பதைத்தான். கடை உறுதியை மெனேஜரின் பெயரில் எழுதுவோமா? இதை மட்டும் எழுதி விடுகிறோம்.

இனி அந்த 'முதலாவது இடம்' என்ற விடயம். அப்படி உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே தனது வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்தால் மேலே வருவது விளம்பரம். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் வரும், காசை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். தவறு என்று சொல்லவில்லை, சீசனுக்கு நானும் போடுகிறேன். ஆனால் சாதாரணத் தேடலில் வரும் வரிசை வேறு. அங்கே கூகுள் பக்கத்திலுள்ள எழுத்தை வாசிக்கிறது. வேறு எந்தெந்தத் தளங்கள் உங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்றும் பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்ட சிலர் இணைப்புகளைக் கட்டுக்கட்டாக விற்றார்கள். 2012 ஏப்ரலில் கூகுள் 'பென்குயின்' என்ற மாற்றத்தைக் கொண்டு வந்தது. காசுக்கு வாங்கிய இணைப்புகளால் ஏறியிருந்த தளங்கள் பல விழுந்தன. எனது இரண்டாவது சைட்டும் அதில் ஒன்று. மாதம் 8,000 ரூபா கட்டி வாங்கிய விழுக்காடு!

எழுத்து விடயத்தில் பிழை எங்களுடையது. எமது பழைய சைட்டின் முதல் பக்கத்தில் 'தரமான நீர் இறைப்புத் தீர்வுகளின் முன்னணி இறக்குமதியாளர்' என்று அழகான ஆங்கிலத்தில் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு மனிதராவது கவுண்டருக்கு வந்து 'நீர் இறைப்புத் தீர்வு இருக்கா' என்று கேட்டிருப்பாரா? வோட்டர் மோட்டர் என்ன விலை என்று கேட்பார். சிங்கள வாடிக்கையாளர் 'வத்துர மோட்டர்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார். 'சேர்ச் கொன்சோல்' என்று கூகுள் இலவசமாகத் தரும் ஒரு வசதி இருக்கிறது. எந்தச் சொல்லைத் தேடி எமது சைட்டுக்கு வந்தார்கள் என்று அது காட்டும். மகன் அதைத் திறந்து காட்டியபோதுதான் தெரிந்தது, பலர் வந்தது மோட்டர் வாங்க அல்ல. மோட்டர் இரைகிறது, ஆனால் சுற்றவில்லை, என்ன செய்வது என்று தேடி வந்திருக்கிறார்கள்.

கவுண்டரில் தினமும் நான் பதில் சொல்லும் கேள்வி அது. கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது உள்ளே இம்பெலர் இறுகியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எதைப் பார்க்க வேண்டும், கெப்பாசிட்டரில் எந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினோம், படமும் விலையும் போட்டோம். இன்றும் எமது சைட்டில் அதிகம் பார்க்கப்படுவது அந்தப் பக்கம்தான். எந்தத் தம்பியாலும் அதை எழுதியிருக்க முடியாது. மோட்டர் விற்பவனுக்குத்தான் அது தெரியும்.

வெப்சைட்டைப் போலவே முக்கியமானது கூகுள் வரைபடத்தில் கடையின் பதிவு. அதற்கும் காசு இல்லை. எம்மவர்கள் இதில் மறந்துவிடும் ஒன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குக் கடையை மூடுகிறோம், ஆனால் பதிவில் நாள் முழுவதும் திறந்திருப்பதாக இருக்கும். அவிசாவளையில் இருந்து வந்தவர் மூடிய கதவைப் பார்த்து ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். ஒரே நாளில் இரண்டு பகுதியாக நேரம் போட முடியும், நோன்பு கால நேரத்தைத் தனியாகவும் போடலாம். அதே நேரம், மச்சான்மாரைப் பிடித்து ஐந்து நட்சத்திரம் போடுவிப்பது தராசில் விரல் வைப்பது போன்றது. கூகுளின் விதிக்கும் மாறானது.

சிலர் வெப்சைட்டே வேண்டாம், பேஸ்புக் போதும் என்கிறார்கள். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போதும், 2019 இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாட்டில் நாட்கணக்கில் முடக்கப்பட்டதை மறந்துவிட்டோமா? 2021 ஒக்டோபர் 4 இல் உலகம் முழுவதுமே சுமார் ஆறு மணித்தியாலம் இரண்டும் நின்றன. அந்த நேரங்களில் எனக்குக் கை கொடுத்தது ஒரு சீஆர் கொப்பி. யார் எந்த மோட்டர் வாங்கினார், எப்போது வாங்கினார், தொலைபேசி எண் என்ன, பொருத்திய பைப் பாஸ் யார் என்று பில் போடும்போதே அதில் எழுதுவோம். கூகுள் ஒருவரை ஒரு தடவைதான் கூட்டி வரும். ஒரு வருடம் கழித்து "மோட்டர் எப்படி ஓடுது?" என்று நாம் கேட்டால், அவரே அடுத்தவரைக் கூட்டி வருவார்.

நண்பர் கொட்டேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அது சரி, ஒங்கட டொமைன் யார்ட பேர்ல?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "செஞ்சு தந்த பொடியன்ட பேர்லயாத்தான் இருக்கும்" என்றார். கடையில் இருந்தபடியே அந்தப் பிள்ளைக்கு அழைத்தோம். மூன்றாவது தடவைதான் எடுத்தார். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறாராம். பாஸ்வேர்டைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.